கசிந்தால் யாரைக் கூப்பிடுவது?

அந்தத் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் பம்ப்புக்காரரின் பட்டறையும் சீல்காரரின் பட்டறையும் எதிரெதிரே இருந்தன. காலையில் ஷட்டரைத் தூக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரு முழுக்கத் தெரிந்துகொள்ளும். பம்ப்புக்காரரின் மனைவி சீல்காரரின் கூடப்பிறந்த தங்கை. அதனால் ஒரேயடியாகச் சண்டை போட்டுப் பிரிந்துவிடவும் வழியில்லை. மச்சானும் மாப்பிள்ளையுமாக வாரத்துக்கு நாலு நாள் முறைத்துக்கொண்டு, மிச்ச நாள் ஒரே பாத்திரத்துத் தேநீரைப் பங்குபோட்டுக் குடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாளை எல்லாரும் மீட்டரம்மா என்பார்கள். பம்ப்புப் பட்டறையை ஒட்டி, முன்பு ஓட்டை உடைசலைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலிசெய்து, ஒரு நீள மேசையும் ஈயப் பற்று வைக்கிற சூட்டுக்கோலும் போட்டுத் தனக்கென்று ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தாள். சுற்றுவட்டார ஆலைகளின் அழுத்த மீட்டர், வெப்ப மீட்டர்களைப் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. கணவருக்கு வாடகை கொடுப்பதில்லை. அதற்குப் பதில் கணவருடைய பேச்சைக் கேட்டுக்கொள்கிறேன், அது போதாதா என்பாள்.

இந்த மூன்று பேருக்கும் தலைவலியாகவும் சோறாகவும் இருந்தது ஊருக்கு வெளியே இருந்த அமில ஆலை. அமிலத்தைத் தொட்டியிலிருந்து தொட்டிக்குத் தள்ள அங்கே பம்ப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப்புக்குள் சுற்றுகிற தண்டுக்கு ஷாஃப்ட் என்று பெயர். அது உடலைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க, விரலுக்கு மோதிரம் போட்ட மாதிரி ஷாஃப்ட்டின்மேல் ஒரு சீல் ஏறி உட்காரும். பம்ப்பும் ஷாஃப்ட்டும் மாப்பிள்ளையின் வேலை, சீல் மச்சானின் வேலை. ஒழுகினால் யார் வேலை என்பதில்தான் இத்தனை வருஷமாக முடிவு ஏற்படவில்லை.

ஒருநாள் ஆலையின் பராமரிப்பு மேலாளரே தெருவுக்கு வந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். அக்குளில் ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்திருந்தார். எந்தப் பம்ப்பைப் பார்த்தாலும் அடியில் அந்தத் தாளை விரித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். தாளில் ஒரு பொட்டு விழுந்தாலும் பம்ப்பு திரும்பிப் போய்விடும். மூவரையும் பம்ப்புப் பட்டறையில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே பேசினார்.

"போன வருஷம் பம்ப்பு ஒழுகினப்ப முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணேன்," என்றார் பம்ப்புக்காரரைப் பார்த்து. "சீலைக் கேளுங்கன்னீங்க. அவருக்குப் பண்ணேன். பம்ப்பைக் கேளுங்கன்னார். மறுபடி உங்களுக்குப் பண்ணேன், மறுபடி அவருக்குப் பண்ணேன். கடைசியில யாரையும் கேக்க வேண்டாம், நாமளே பாத்துடலாம்னு கையை அடியில நீட்டினேன். கையுறையில ஒரு சின்னக் கிழிசல் இருந்திருக்கு."

வலது கையை அவர் தூக்கிக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. புறங்கை முழுக்கத் தோல் சுருங்கி, சலவை செய்த துணியை இஸ்திரி போடாமல் விட்ட மாதிரி இருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"இனிமே பம்ப்பு, சீல், கசிவைச் சொல்ற கருவி, மூணும் ஒண்ணா வரணும். ஒரே உத்தரவாதம். பம்ப்பு மேல இருக்கற தகட்டுல ஒரே ஒரு போன் நம்பர். கடல் தாண்டி இருக்கற ஒரு கம்பெனி மூணையும் சேத்தே தரேங்குது. விலை ஜாஸ்திதான். ஆனா போனை எடுக்கறது ஒரே ஆளு."

மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் அந்த ஆலை கையைவிட்டுப் போனால் பாதி வருமானம் போய்விடும். ஆனால் அன்றைக்கு அதிகம் பயந்தது அவர்கள் இல்லை, மீட்டரம்மாள்தான். மேலாளரின் கையில் கட்டு போட்டிருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், அந்த வாரமே ஒரு கருவியைத் தொடங்கினாள். சுண்டுவிரல் நகமளவு முனை. சீலுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பொந்தில் அது உட்கார்ந்துகொள்ளும். கசிவு சொட்டாகத் திரண்டு விழுவதற்கு முன்பே, ஈரமாக இருக்கும்போதே பிடித்துக் கீச்சென்று கத்தும். அதற்கு அவள் வைத்த பெயர் மூக்கு. ஏறி இறங்காத ஆலை இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, "நல்லா இருக்கும்மா, இது யார் ஆலையில ஓடுது?" என்று ஒரே கேள்வியைக் கேட்டு அனுப்பிவைத்தார்கள். அமில ஆலையில் ஓடிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அங்கேயும் மண்ணைக் கவ்வினால் மூக்கை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பழுதுபார்க்கவே திரும்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருவரும் சேர்ந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அதைத் தாங்கும் சக்தி அவளுக்கு இல்லை.

"சரி, நீங்க மூணு பேரும் சேந்து செஞ்சா தகட்டுல யார் நம்பர் போடலாம்?" என்றார் மேலாளர்.

"மாப்பிள்ளை நம்பரே போட்டுடுங்க," என்றார் சீல்காரர் அவசரமாக. "பம்ப்புதானே பெரிய சாமான்."

"சேச்சே, மச்சான் இருக்கும்போது நானா? அனுபவஸ்தர். அவர் நம்பர்தான் ராசியான நம்பர்."

மீட்டரம்மாளுக்காகக்கூட இதுவரை இருவரும் இவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை. மேலாளர் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, "இடத்தைக் காலியா விட்டு வைங்க," என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்று மாலையே ஒரே வரைபடம் தயாரானது. ஷாஃப்ட் இத்தனை தடிமன், சீலின் துளை இத்தனை அகலம், மூக்கு உட்காரும் பொந்து இந்த இடத்தில். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். மச்சானின் கையெழுத்து படத்தைவிடப் பெரிதாக இருந்தது. "படத்துல என்ன இருக்கோ அதேதான். ஒரு மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது," என்றாள் மீட்டரம்மாள். "நாங்க என்ன நேத்து தொழிலுக்கு வந்தவங்களா?" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

முதல் ஒத்திகை பம்ப்புப் பட்டறையில் நடந்தது. அமிலத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றி, மேலாளரைப் போலவே அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார்கள். பம்ப்பு ஓடியது. தாள் காய்ந்தே கிடந்தது. மச்சான் மாப்பிள்ளையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாத்தீங்களா?" என்றார். மாப்பிள்ளையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அப்போது மூக்கு கீச்சென்று கத்தியது.

இருவரும் திரும்பி மீட்டரம்மாளைப் பார்த்தார்கள். ஊரே தூங்கும்போது அழுத குழந்தையின் தாயைப் பார்க்கிற பார்வை அது.

"தாள் காஞ்சு கிடக்கு. உன் மூக்குக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றார் கணவர்.

"சொட்டு விழுந்த பிறகு சொல்றதுக்குக் கருவி எதுக்குங்க? அதுக்குத்தான் மேலாளரு கை இருக்கே," என்றாள் அவள்.

கழற்றிப் பார்த்தார்கள். சீலுக்கு உள்ளே ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டு உட்காரும் ரப்பர் வளையம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இறுக்கிப் பிடித்து ஏற்றியதால் வந்த வெட்டு. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள்.

"உங்க சீல் துளை சின்னது, மச்சான்."

"உங்க ஷாஃப்ட் தடிப்பு, மாப்பிள்ளை. கல்யாணத்தப்ப இருந்ததைவிட நீங்களும் தடிப்பு."

"படத்தைப் பாருங்க, படத்தை."

"படத்தை நீங்க பாருங்க. நான் என் சீல்ல கையே வெக்கமாட்டேன்."

"நானும் ஷாஃப்ட்டைத் தொடமாட்டேன். இது சத்தியம்."

ஆளுக்கொரு பக்கம் தங்கள் சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிரே ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

மறுநாள் முதலில் வந்தவர் அண்ணன். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். தங்கைக்குப் பிஸ்கட் வாங்கிவரும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. மேசை மூலையில் உட்கார்ந்து, மூக்கை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். இவ்வளவு சின்னதில் இவ்வளவு புத்தியா என்று வியந்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இது ரொம்பக் கூர்மையா இருக்கோ? கொஞ்சம் மந்தமா வெச்சா என்ன? மாப்பிள்ளையைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, அவரு மாத்த மாட்டாரு. நமக்குள்ள எதுக்கு வம்பு?"

"ம்ஹூம்," என்றாள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சிங்க் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறவர் அவர். ஒரு தட்டை வெகுநேரம் தேய்த்துவிட்டு, "உன் மூக்குல ஏதோ ஒரு திருகு இருக்காமே," என்று ஆரம்பித்தார். "அரைச் சுத்து திருப்பினா கொஞ்சம் அமைதியா இருக்குமாமே. மச்சான் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? அவரு இறங்கி வரமாட்டாரு. தாள்தான் காஞ்சு கிடந்துச்சே. மேலாளரு தாளைத்தானே பாக்கறாரு?"

"தட்டைக் கீழ வைங்க, தேஞ்சுடப் போகுது," என்றாள்.

வாயால் சொல்லிவிட்டாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கணவர் சொன்னதும் உண்மைதான், அண்ணன் சொன்னதும் உண்மைதான். அரைச் சுற்றுத் திருப்பினால் மூக்கு வாயை மூடிக்கொள்ளும், தாள் காய்ந்திருக்கும், மேலாளர் தலையாட்டிவிடுவார், நாளைக்கு எந்த ஆலைக்குப் போனாலும் பதில் தயாராக இருக்கும். மறுநாள் கதவைச் சாத்திவிட்டுத் திருகுளியை எடுத்துத் திருகில் வைத்தே விட்டாள். வைத்ததும் அந்தக் கை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரிக்கும்போது அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு, வலிக்கவே இல்லை என்று தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திருகுளியைக் கீழே போட்டாள். சிவப்புப் பெயிண்டை எடுத்துத் திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்து மூடினாள். இனி யார் திருப்பினாலும் பெயிண்ட் உடைந்து காட்டிக்கொடுக்கும், அவளே திருப்பினாலும்தான். அவளுக்குத் தன்மேலேயே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது ஒத்திகைக்கு இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். புது வளையம் மட்டும் மாற்றினார்கள். "நான் எதையும் மாத்தல," என்றார் இவர். "நான் மட்டும் மாத்தினேனா?" என்றார் அவர். பம்ப்பைத் தட்டிவிட்டதுதான் தாமதம், தாளை விரிப்பதற்குள் மூக்கு கத்தத் தொடங்கியது. போன தடவையாவது ஒரு மரியாதைக்குக் காத்திருந்தது. சற்று நேரத்தில் வெள்ளைத் தாளின் நடுவில் அழகாக ஒரு சொட்டும் விழுந்தது.

அதற்குப் பிறகு பேசிய பேச்சுகளை இங்கே எழுதினால் தெருவுக்குத்தான் கெட்ட பெயர். மச்சான் சீலைக்கூட எடுத்துக்கொள்ளாமல், "இனி உங்க சகவாசமே வேண்டாம்," என்று கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை ஷாஃப்ட்டை மேசைமேல் போட்டுவிட்டு, "கடல் தாண்டி இருக்கறவனே நல்லா இருக்கட்டும்," என்று வெளியே போனார். ஆலையில் சோதனை அடுத்த வாரம்.

மீட்டரம்மாள் தனியாக உட்கார்ந்து சீலைக் கழற்றி, வளையத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. போன தடவை இறுகி வெட்டுப்பட்டது, இந்தத் தடவை பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று உட்கார்ந்திருக்கிறது. இருவரும் எதையும் தொடவில்லையாம். தொடாத சாமான் எப்படித் தானாக இளைத்துப்போகும்? அளவுகோலை எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அவள் அளந்து சொன்னால் இருவரும் சேர்ந்து அளவுகோலைக் குறை சொல்வார்கள்.

இருவருக்கும் போன் போட்டாள். அண்ணனிடம், "அவர் வரமாட்டார், நீ மட்டும் வா," என்றாள். கணவரிடம், "அண்ணன் வரமாட்டார், நீங்க மட்டும் வாங்க," என்றாள். வாசலில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றபோது, உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அண்ணன் கையில் மாப்பிள்ளையின் ஷாஃப்ட்டைக் கொடுத்தாள். கணவர் கையில் மச்சானின் சீலைக் கொடுத்தாள்.

"யாரும் பேச வேண்டாம். அளந்து மட்டும் சொல்லுங்க."

குற்றம் கண்டுபிடிக்க இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசையாக அளந்தார். இன்னொரு இடத்தில் அளந்தார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"படத்துல இருக்கறபடியே இருக்கே," என்றார். "மாப்பிள்ளை, நீங்க எப்பவும் ஒரு மயிரிழை தடிப்பா விடுவீங்களே, தேயறதுக்கு இருக்கட்டும்னு. அது எங்க போச்சு?"

கணவருடைய காது சிவந்தது. "எடுத்துட்டேன். முதல் ஒத்திகை முடிஞ்ச மறுநாள் ராத்திரி."

"தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கையெழுத்துப் போட்டுட்டும் கை பழைய பழக்கத்துல கொஞ்சம் கூட விட்டுடுச்சு. தப்பு என் பக்கம்னு தோணுச்சு."

"அதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கத்திட்டிருந்தீங்க."

கணவர் இப்போது சீலை அளந்தார். புருவம் மேலே ஏறியது. "இது படத்தைவிடப் பெருசா இருக்கு, மச்சான். முதல் நாள் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு," என்றார் அண்ணன் பரிதாபமாக. "நீங்க மாத்தமாட்டீங்க, போகட்டும், தங்கச்சி பாடுபட்டுக் கண்டுபிடிச்சது வீணாப் போகக் கூடாதுன்னு, எப்பவும் போல நானே கொஞ்சம் பெருசாக் கடைஞ்சுட்டேன்."

மீட்டரம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் கேட்கச் சண்டை போட்ட இரண்டு பேரும், வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். சண்டையைத் தெருவில் போடத் தெரிகிறது, விட்டுக்கொடுப்பதை மட்டும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. சிரித்து முடிக்கும்போதுதான் அண்ணன் சொன்னதில் ஒரு சொல் தைத்தது.

"எப்பவும் போலன்னா?"

அண்ணன் அசடு வழிந்தார். "மாப்பிள்ளை பம்ப்புக்குப் போற சீலுக்கு மட்டும் கொஞ்சம் பெருசா வெப்பேன். உன் கல்யாணத்துல இருந்தே. இல்லைன்னா ஏறாதே."

"இத்தனை வருஷமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் கணவர்.

"சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு இருந்துட்டேன், மாப்பிள்ளை."

இதைவிடப் பாசமாக ஒரு மச்சான் இருக்க முடியாது. ஆனால் மீட்டரம்மாளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, போன வருஷம் ஆலைக்குக் குடுத்த சீல்?" என்று கேட்டாள்.

அண்ணன் ஷாஃப்ட்டை மாப்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் அன்னிக்குப் பட்டறையில இல்ல. ஆலையில இருந்து அவசரமா வந்து கேட்டிருக்காங்க. அலமாரியில இருந்ததைப் பட்டறைப் பசங்க எடுத்துக் குடுத்திருக்காங்க. அது பெருசாக்காம, சரியான அளவுல கடைஞ்சது."

தடித்த ஷாஃப்ட்டின்மேல் சரியான சீல் ஏறியிருக்கிறது. வளையம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒருவர் தப்புக்கு இன்னொருவர் அன்போடு இடம் கொடுத்துக்கொண்டே வந்ததை வெளியே யாரிடமும் சொல்லாததால், மூன்றாவது ஆளின் கை வெந்துபோயிருக்கிறது. கணவர் ஷாஃப்ட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மேலாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது, ஆனால் யார் வாயிலிருந்தும் அது வரவில்லை.

அந்த வாரம் புது ஷாஃப்ட்டையும் புது சீலையும் ஒரே லேத்தில், ஒருவர் கடைய மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்க, செய்து முடித்தார்கள். "பாத்து, பாத்து," என்று மச்சான் சொல்ல, "நீங்க வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க," என்று மாப்பிள்ளை எரிந்துவிழ, வேலை நன்றாகவே நடந்தது. பட்டறையில் ஓட்டிப் பார்த்தார்கள். தாள் காய்ந்திருந்தது, மூக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஆலைக்குள் போனபோது அமில வாடை கண்ணைக் கரித்தது. மஞ்சள் குழாய்கள் தலைக்குமேல் ஓடின. சுவரோரம், கண்ணில் பட்டால் கழுவுவதற்கான பச்சைத் தொட்டி. மேலாளர் முதலில் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லி, தாளை விரித்துவிட்டு, தலையசைத்தார். பம்ப்பு சீராக ஓடியது. தாள் வெள்ளையாக இருந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூக்கு கீச்சென்று கத்தியது.

மேலாளர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். போன வருஷம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றபோதும் இப்படித்தான் முகத்தை வைத்திருந்திருப்பார் என்று மீட்டரம்மாளுக்குத் தோன்றியது.

"என் ஷாஃப்ட்தான் சார்," என்றார் பம்ப்புக்காரர்.

"இல்ல சார், என் சீல்தான்," என்றார் சீல்காரர்.

"மச்சான், நீங்க சும்மா இருங்க. சார், கொஞ்சம் தடிப்பா விடறது என் பழக்கம். போன வருஷமும் அதனாலதான்…" சொல்ல வந்தவர் மேலாளரின் வலது கையைப் பார்த்தார். "உங்க கை…"

"அவர் தடிப்பு விடறது எனக்குத் தெரியும் சார்," என்றார் மச்சான். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான்தான். அன்னிக்கு என் அலமாரியில இருந்துதான் சீல் வந்துச்சு. எங்க ரெண்டு பேர் தப்பும் சேர்ந்துதான் உங்க கைமேல விழுந்துச்சு."

மேலாளர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பம்ப்பு ஓடிக்கொண்டிருந்தது, மூக்கு கத்திக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளா கையுறை கிழிஞ்சிருந்ததைப் பாக்காதது என் தப்புன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக.

மீட்டரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைத்துக்கொள்ளக் குனிந்து மூக்கைக் கழற்றினாள். சீலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. வளையமும் உலர்ந்திருந்தது. மூக்கின் முனைதான் நனைந்திருந்தது, அதுவும் உள்பக்கத்திலிருந்து.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின மாலை, எதற்கும் இருக்கட்டும் என்று மூக்கை ஒருமுறை கழுவித் துடைத்தாள். உள்ளே போன தண்ணீர் காயவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுகூடச் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பழியை ஏற்றுவிட்டார்கள். துடைத்து மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னால் மூக்கின் பெயர் சுத்தமாக இருக்கும். சிவப்புப் பெயிண்ட் உடையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், ஷாஃப்ட்டும் ஒழுகல, சீலும் ஒழுகல," என்றாள் நிமிர்ந்து. "என் மூக்குதான் ஈரம். நேத்து நான் கழுவினேன். சரியாக் காய வெக்கல."

"கழுவினியா? யார்கிட்ட சொன்னே?" என்றார் கணவர்.

"யார்கிட்டயும் சொல்லல."

அண்ணன் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது. இத்தனை வருஷ வாழ்க்கையில் தங்கையிடம் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததே இல்லை. "ஏம்மா," என்றார் நிதானமாக, "அதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

மேலாளர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையோ என்னவோ, தூரத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "போன் எடுக்க ஒரு ஆள் வேணும்னு கேட்டேன். மூணு பேர் வந்து நிக்கறீங்க," என்றவர், குனிந்து மூக்கைப் பார்த்தார். "இது என்ன சிவப்பு?"

"அதை மந்தமாக்கற திருகு சார். நான் தொடாம இருக்கறதுக்காக மூடி வெச்சேன்."

வெந்நீர்க் குழாய்மேல் வைத்து முனையை நன்றாகக் காயவைத்து மாட்டினார்கள். பம்ப்பு மறுபடி ஓடியது. மூக்கு அமைதியாக இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, ஆட்கள் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்த பிறகும் அமைதியாகவே இருந்தது.

"சரி, தகட்டுல நம்பர் போடணுமே," என்றார் மேலாளர்.

"என் நம்பர் போடுங்க சார்," என்றார் பம்ப்புக்காரர்.

"நீங்க எப்ப போனை எடுத்தீங்க, மாப்பிள்ளை? மாவு மில்லு மாதிரி சத்தம் உங்க பட்டறையில. என் நம்பர் போடுங்க சார்."

"உங்களுக்குக் காது கேக்கறதே சந்தேகம், மச்சான்."

"நாளைக்கு ஒழுகினா நான் பதில் சொல்றேன்னு சொல்றேன், அதையும் விடமாட்டீங்களா?"

"அதெப்படி நீங்க மட்டும் சொல்லுவீங்க?"

சண்டை சூடுபிடித்துவிட்டது. ஷட்டர் இல்லாத குறைதான். சமாதானம் செய்யலாம் என்று வாயைத் திறந்த மீட்டரம்மாள், எதற்கோ மேலாளர் பக்கம் திரும்பினாள். அவர் தாளை எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த பம்ப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சீலுக்கு நேர் கீழே, கையுறை இல்லாமல், அந்த வலது கையை விரித்து நீட்டியிருந்தார்.

"சார், தாள்," என்றாள் பதறி.

"தண்ணிதானேம்மா," என்றார். பிறகு மூக்கைக் காட்டி, "இது சொல்லட்டும்," என்றார்.

இருவரின் சண்டையும் தானாக நின்றுவிட்டது. நால்வரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை காய்ந்திருந்தது. தகட்டை எடுத்து மீட்டரம்மாளிடம் நீட்டி, "மூணு நம்பரையும் போட்டுடுங்க," என்றார்.